வரிப் படிவத்தோடு எங்கள் ஊர் மக்களின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு

அன்பிற்குரியோருக்கு வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் குறைந்த வருமானத்தில் வாழ்வோருக்காகவும் மூத்தோருக்காகவும் நாம் நடத்திய இலவச வருமான வரி உதவி முகாம் இவ்வாண்டுக்கு நிறைவடைந்தது. சம்பளக்காரர்கள் 2024ஆம் ஆண்டு வருமானத்தைக் காட்டும் பிஇ படிவத்தை இணையம் வழி அனுப்ப மே 15 வரை அவகாசம் இருந்தது. அன்றிரவு கடைசியாக வந்த பாட்டி தம் ஒப்புகைத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பும் வரை உங்களில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு முறையாக நன்றி சொல்லாமல் எனக்கு மனம் ஆறவில்லை.

"நம் ஆட்களுக்குச் சம்பளமே இவ்வளவுதான், வரி முகாம் எதற்கு?" என்று தொடக்கத்தில் பலர் கேட்டார்கள். பகலில் ஒரு தொழிற்சாலையிலும் இரவில் ஒரு குடியிருப்பிலும் காவல் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தபோது அதற்கு விடை கிடைத்தது. அவர் கையில் இரண்டு முதலாளிகள் கொடுத்த இரண்டு இஏ படிவங்கள், அதாவது ஆண்டுச் சம்பளக் கணக்குகள். கூட்டினால் 40,800 ரிங்கிட். அந்தத் தொகையைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. பெரிய கடன் ஒன்று தலையில் விழுந்துவிட்டதாகவே நினைத்தார். ஈப்போவிலிருந்து வாராவாரம் வந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஐயா, அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாக விளக்கினார். தனிநபர் கழிவு 9,000. ஊழியர் சேமநிதிக்குப் பிடித்தது நாலாயிரத்துச் சொச்சம், அதில் கழிவு 4,000 வரை. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குப் பிடித்தது சிறு தொகை. மீதி ஏறக்குறைய 27,500. முதல் 5,000க்கு வரி இல்லை, அடுத்த 15,000க்கு ஒரு விழுக்காடு, அதற்கு மேல் 35,000 வரை மூன்று விழுக்காடு. ஆக வரி 375 ரிங்கிட் அளவில் வந்தது. வரிக்குட்பட்ட வருமானம் 35,000ஐத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு என்பதால் அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் படிவத்தைக் கட்டாயம் அனுப்பத்தான் வேண்டும். ஐயா, நீங்கள் அதை ஒரே நிமிடத்தில் முடித்து அனுப்பியிருக்கலாம். அவருக்கே கணக்குப் புரியும் வரை உட்கார்ந்திருந்தீர்கள். அடுத்த வாரம் அவர் தம்மோடு வேலை செய்யும் இருவரை அழைத்துக்கொண்டு வந்தார்.

மூத்தோர் மேசையில் உட்கார்ந்த ஆசிரியை அக்காவுக்கும் அவருடைய தோழியருக்கும் தனியாக ஒரு வணக்கம். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் படிவமே தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது பதில். ஐம்பத்தைந்து வயதில் எடுத்த சேமநிதிப் பணத்துக்கு வரி உண்டா? இல்லை. வங்கியில் போட்டு வைத்திருக்கும் வைப்புத் தொகையின் வட்டிக்கு? அதற்கும் இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் மாதாமாதம் சிறுகச் சிறுகக் கட்டிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்கின் ஈவுத்தொகைக்கு? கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினருக்குத் தரும் ஈவுக்கும் வரி இல்லை. 1960இல் மலேசிய இந்தியர்களின் தலைவரான துன் சம்பந்தன் தொடங்கிய அந்தச் சங்கத்தின் பங்குச் சான்றிதழை இன்னும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிற பெரியவர்களைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. சம்பந்தன் பிறந்த ஊர் இது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே.

"வரி இலாகாவிலிருந்து பேசுகிறோம், உடனே பணம் கட்டாவிட்டால் கைது" என்று வந்த தொலைபேசி அழைப்பால் தூக்கம் இழந்த தாத்தா ஒருவரையும் அந்த மேசைதான் தேற்றியது. அது மோசடிக் கும்பலின் வேலை என்று அக்கா மூன்று விதமாகச் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வருமான வரி வாரியத்தின் இணையத்தளமான மைடேக்ஸில் அவருடைய கணக்கைத் திறந்து, பாக்கி எதுவும் இல்லை என்று திரையில் காட்டிய பிறகுதான் தேநீர்க் குவளையைக் கையில் எடுத்தார்.

படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களே, உங்களை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. கடவுச்சொல் மறந்தவர், பழைய தொலைபேசி எண்ணை மாற்றாதவர், மின்னஞ்சலே இல்லாதவர் என்று எல்லாரையும் உங்களிடம்தான் அனுப்பினோம். ஒருவரிடமும் நீங்கள் குரலை உயர்த்தவில்லை. முதல் நாள் நாம் பேசிக்கொண்ட விதியையும் கடைசி வரை காத்தீர்கள்: வரி முகவராக இயங்க 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், நாம் முகவர்கள் அல்லர், பக்கத்தில் இருந்து துணை செய்கிறவர்கள். அதனால் இறுதிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டிக் கையொப்பம் இடுவது வந்தவரின் விரலாகவே இருக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப்போன விரல்கள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தபோது, விசைப்பலகையைப் பிடுங்காமல் காத்திருந்தீர்களே, அந்தப் பொறுமையை உங்கள் பெற்றோரிடம் நேரில் சொல்லப் போகிறேன்.

மண்டபத்தைத் திறந்துவிட்ட மாரியம்மன் கோவில் நிர்வாகத்துக்கும், கணினிகளைத் தந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும், வடையும் நாசி லெமாக்கும் அனுப்பிய மகளிர் குழுவுக்கும் நன்றி. ரசீதுகளுக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த சீனக் கடைக்காரருக்கும், மலாய்க் கடிதங்களை வாசித்துப் பொருள் சொன்ன மலாய்த் தம்பிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வந்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டை இன்னொருவர் முன் விரித்து வைப்பது எளிதல்ல. நம் ஊரில் அது மானப் பிரச்சினை. தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி, அப்பாவின் இரத்தச் சுத்திகரிப்புச் செலவுக் கணக்கைத் தயங்கித் தயங்கித்தான் எடுத்து வைத்தாள். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, மருத்துவரின் சான்றும் ரசீதும் இருந்தால் போதும் என்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. மிகைநேர வேலையும் போனசும் வந்த மாதங்களில் அவள் சம்பளத்தில் வரி பிடித்திருந்தார்கள். அந்தப் பணம் முழுவதும் அவளுக்குத் திரும்பி வரவேண்டியது என்று திரை காட்டியபோது மேசையில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இஏ படிவத்தைப் பிப்ரவரி முடிவதற்குள் கொடுப்பது முதலாளியின் கடமை. கேட்டும் கிடைக்காமல் வெறுங்கையோடு வந்தவர்களை இம்முறை நிறையப் பார்த்தோம். அவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்த வழக்கறிஞர் அண்ணன் அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். படிவம் கிடைக்காதவர்கள் அப்போதே வாருங்கள்.

பலகாரக் கடை, முடிதிருத்தகம், லாரி, வாடகைக் கார் என்று சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு உரியது பி படிவம். அதை இணையம் வழி அனுப்ப ஜூலை 15 வரை அவகாசம் இருக்கிறது. ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மண்டபத்தில் இருப்போம். வரவு செலவு எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், எந்த நிலையில் இருந்தாலும் பரவாயில்லை. இப்போது அனுப்பி முடித்தவர்கள் ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நன்றியுடன்,
முகாம் ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
சுங்கை சிப்புட், பேராக்