தூமென் மக்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சீனத்தின் ஜிலின் மாகாணத்தில், யான்பியான் கொரியத் தன்னாட்சி வட்டாரத்தைச் சேர்ந்த தூமென் என்னும் சிறு நகரத்தில் யோகா ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு அண்மையில் ஊர் திரும்பினேன். ஆற்றின் அக்கரையில் வட கொரியாவின் நம்யாங் தெரியும். இக்கரையில் கடைகளின் பெயர்ப்பலகைகள் கொரியம், சீனம் ஆகிய இரு மொழிகளிலும் இருக்கும். வேறோர் இந்தியரை அந்த ஊரில் நான் பார்த்ததில்லை. அங்கே எனக்குத் துணை நின்றவர்களுக்கு, அவர்களுடைய பெயர்களை வெளியிடாமல், பொதுவில் நன்றி சொல்வதே இம்மடலின் நோக்கம்.

விடுதியில் அல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நான் போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே வீட்டுக்கார அம்மாள் தம் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு என்னுடன் வந்துவிட்டார். இந்தியக் கடவுச்சீட்டை அதுவரை கையாண்டிராத இளம் காவலர், மேலிடத்துக்குப் பலமுறை தொலைபேசியில் பேசி, உணவு இடைவேளையையும் விட்டுக்கொடுத்து வேலையை முடித்துத் தந்தார். வங்கியானாலும் கைப்பேசி இணைப்பானாலும் அங்கே எல்லாமே குடிமக்களின் 18 இலக்க அடையாள எண்ணைச் சுற்றியே அமைந்தவை; கடவுச்சீட்டு எண்ணை அந்தக் கட்டத்தில் இட்டால் கணினி ஏற்காது. ஒவ்வொரு முறையும் எங்கள் பயிற்சிக்கூடத்தின் கணக்காளர் தம் வேலையைப் போட்டுவிட்டு என்னுடன் வந்து, கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர் வேறு வழி கண்டுபிடிக்கும் வரை நகராமல் நிற்பார். எனக்குக் கிடைத்த உதவிகளில் பெரும்பகுதி இப்படி மற்றவர்கள் எனக்காக வரிசையில் நின்ற நேரம்தான்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரிக்குப் போகும் என்பது தெரிந்தேதான் போனேன். நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரமே என்பதால், கிழக்குக் கோடியிலுள்ள அந்த ஊரில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நான் ஆசைப்பட்டு எடுத்த அழகான மேலங்கியை விற்க மறுத்து, பஞ்சு அடைத்த கால்சட்டையையும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் அங்கியையும் வாங்க வைத்த துணிக்கடை அக்காவுக்கு என் வணக்கம். வியாபாரம் தெரியாதவர் என்று அன்று நினைத்தேன். முதல் பனிப்பொழிவோடு அந்த நினைப்பு போயிற்று.

சைவ உணவுக்காரனான எனக்குச் சாப்பாடுதான் பெரிய கவலையாக இருந்தது. உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடைமிளகாய் மூன்றையும் பொரித்து வதக்கும் வடகிழக்கு உணவொன்று பல நாள் என்னைக் காப்பாற்றியது. அடுத்த வீட்டுக் கொரியப் பாட்டி செய்ததோ அதற்கும் மேல். இலையுதிர்காலக் கடைசியில் குடும்பமே கூடிக் குளிர்காலத்துக்கான கிம்ச்சி போடும்போது, உப்பில் ஊறிய முட்டைகோஸின் இதழ்களுக்கிடையே தடவ மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி சேர்த்துக் கூட்டிய விழுதில் உப்பிட்ட இறாலையும் கலப்பார்கள். பாட்டியோ இறால் சேர்ப்பதற்கு முன்பே எனக்கென்று ஒரு பங்கு விழுதை எடுத்து வைத்து, தனி ஜாடியில் போட்டு, மூடியின்மேல் என் பெயரைக் கொரிய எழுத்தில் ஒட்டியும் வைத்தார். உளுந்து கிடைக்காத ஊரில் பாசிப்பயறு தாராளமாகக் கிடைத்தது. நான் சுட்டுக் கொடுத்த பயற்றம் அடையை அவர் விரும்பித்தான் சாப்பிட்டாரா, எனக்காகச் சாப்பிட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் புலப்படவில்லை.

2020 மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் விசா வைத்திருந்த வெளிநாட்டவரையும் சீனம் உள்ளே விடாமல் நிறுத்தியது. ஊருக்குப் போனால் வேலைக்குத் திரும்ப முடியாது என்பதால் அங்கேயே தங்கினேன். 2022 மார்ச்சில் ஜிலின் மாகாணத்தை விட்டு வெளியேறவும், மாகாணத்துக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் செல்லவும் தடை வந்தபோது எங்கள் குடியிருப்பு வளாகமும் மூடப்பட்டது. அறிவிப்புகளெல்லாம் கைப்பேசிக் குழுவில் சீனத்திலும் கொரியத்திலும் வந்தன. எனக்கோ கடைப் பேச்சுக்கு வேண்டிய சீனம் மட்டுமே தெரியும். என்னிடம் யோகா பயின்ற பெண்மணி ஒருவரின் மகள், பள்ளி மாணவி, நாள் தவறாமல் மாலையில் அழைத்து, மறுநாள் பரிசோதனைக்கு எத்தனை மணிக்குக் கீழே இறங்க வேண்டும், காய்கறிப் பை எப்போது வரும் என்று நிதானமான ஆங்கிலத்தில் சொல்லுவாள். அவள் சொன்ன நேரம் ஒருநாளும் பிசகியதில்லை. பையில் இறைச்சி இருந்தால் அதைப் பிறருக்குக் கொடுத்து, பதிலுக்கு டோஃபு வாங்கி என் கதவுப்பிடியில் மாட்டிச் சென்ற தன்னார்வலரின் முகத்தை, பாதுகாப்பு உடைக்குள் இருந்ததால், நான் பார்த்ததே இல்லை. என்னைப் பற்றிய கவலையில் தூக்கமின்றி இருந்த என் பெற்றோரும் அவருக்குத் தங்கள் நன்றியைத் தெரிவிக்கச் சொன்னார்கள்.

இரவு வகுப்பு முடியும்வரை வாடகை வண்டியுடன் காத்திருந்த ஓட்டுநருக்கும், பனியில் வழுக்கி மணிக்கட்டு பிசகியபோது கட்டுப்போட்ட மருத்துவருக்கும், என் உச்சரிப்பைப் பொறுத்துக்கொண்ட மாணவர்கள் அனைவருக்கும் நன்றி. இம்மடலைச் சீனத்திலும் கொரியத்திலும் பெயர்த்துப் பாட்டிக்குப் படித்துக் காட்ட அந்த மாணவி ஒப்புக்கொண்டிருக்கிறாள். அந்த வேலைக்கும் சேர்த்து அவளுக்கு முன்கூட்டியே என் நன்றி.

இப்படிக்கு,
உங்கள் யோகா ஆசிரியர்