தங்கச்சிக்கு: மார்கழிக் கணக்கில் நான் எழுதாமல் விட்ட இரவு

தங்கச்சி,

அம்மாவின் திவசம் முடிந்து இன்றோடு நாலு நாள். வந்த சனம், பந்தியில் பாயசம் போதாமல் போனது, ஐயர் நேரம் பிந்தி வந்தது எல்லாம் பெரியம்மாவின் மகள் உனக்கு வீடியோவில் காட்டியிருப்பாள். அதைத் திரும்ப எழுதவில்லை. அன்று காலையில் நீ அம்மாவின் படத்தோடு முகநூலில் போட்டிருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். சிறுநீரகம் பழுதான பிறகு ஏழு மாதம் உப்பை நாக்கில் வைக்காமல் பத்தியம் காத்த அம்மா என்றும், ஒரு வேளை தவறாமல் பார்த்துப் பார்த்துச் சமைத்த அக்கா என்றும் எழுதியிருந்தாய். கீழே அத்தனை பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உளுந்து அரைக்கப் போனேன்.

மாதக் கடைசியில் இந்த மாதம் என்ன சமைத்தோம் என்று இந்த வலைப்பதிவில் எழுதி வருகிறேன், மூன்று வருடமாகிறது. இந்த மார்கழியை உனக்கென்றே எழுதுகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அம்மாவின் சாப்பாட்டுக் கணக்கை நான் மாதாமாதம் எழுதியது இங்கேதான். அதைப் பார்த்துத் தங்கள் வீட்டு நோயாளிக்கும் அப்படியே சமைக்கிறோம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். பொய்யை எல்லாருக்கும் சொல்லிவிட்டு உண்மையை உனக்கு மட்டும் சொல்ல மனம் வரவில்லை. வீடு, வளவு பற்றி இதில் ஒரு சொல்லும் எழுதமாட்டேன். ஊர்ச் சனமும் வாசிக்கிறது. அது நீ வரும்போது கதைக்க வேண்டியது.

சரி, மார்கழி.

வாடைக்காற்று தொடங்கியதில் இருந்து கடலுக்குப் போன வள்ளங்கள் குறைவு. மட்டக்களப்புக் கல்லடியில் கடலோரம் இருந்துகொண்டு கடல் மீனுக்கு விலை கேட்கவே பயமாக இருந்தது. அதனால் மாதம் முழுக்க ஆற்று மீன்தான். ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு இறால் நன்றாக வந்தது. ஒருநாள் முருங்கை இலை போட்டு இறால் சொதி. இன்னொரு நாள் நல்ல சினை மணலை மீன் கிடைத்து, வெந்தயம் கூடப் போட்டு, பழப்புளி கரைத்து ஆணம் வைத்தேன். முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்க முதல் இறக்கினேன். ஞாபகம் இருக்கும், அம்மா கொதிக்க விட்டால் ஏசுவார்.

இலைக்கறி எப்போதும் போல ஆற்றுக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கும் அக்கா கொண்டுவருவதுதான். முந்தி பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி விடியப்புறமே வந்து சேருவார். 2014-இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மகனின் மோட்டார் சைக்கிளில் வருகிறார். தகரை முற்றிவிட்டது. பொன்னாங்காணியும் வல்லாரையும்தான் இந்த மாதம். கிழமைக்கு ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டைச்சம்பல். பிள்ளைகள் சேனைச் சோளனை அவித்துத் தரச் சொல்லி இரண்டு தரம் தின்றார்கள். திருவெம்பாவை பத்து நாளும் சைவம். டிசம்பர் 26-ஆம் திகதி நம் வீட்டில் மீன் இல்லை என்பது உனக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை மாதம் இந்தக் கரையில் யாரும் கடல் மீன் வாங்காமல் இருந்தோம். நாவலடிக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து, பருப்பும் சோறும் தின்றோம்.

இவ்வளவுதான் மாதக் கணக்கு. இவை எல்லாவற்றிலும் உப்பு இருந்தது. போன வருடம் இதே மாதம் பொன்னாங்காணியைச் சின்னதாக அரிந்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வாழையடியில் ஊற்றுவேன். பிறகு திரும்பவும் புதுத் தண்ணீரில் அவிப்பேன். பொட்டாசியம் போக வேண்டும் என்று நீ சொல்லித் தந்தது. பச்சைத் தண்ணீர் ஆவி பறக்க வாழையடியில் ஓடும். அதில்தான் அந்த இலையின் வாசம் முழுக்க இருக்கும். சட்டியில் மிஞ்சுவது ஈரத்துணி போல ஒன்று. அதில் தேசிக்காய் இரண்டு சொட்டு விட்டு அம்மாவுக்குக் கொடுப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். அம்மா சாப்பாட்டைக் குறை சொல்லாத ஆள் இல்லையே. அந்த ஏழு மாதம் சொல்லவில்லை.

நீ செய்ததை நான் மறக்கவில்லை. சுவிஸில் முதியோர் இல்லத்துக் குசினியில் நாள் முழுக்க நின்றுவிட்டு, கால் வீங்க வந்து, இரவிருந்து அம்மாவுக்கு அட்டவணை போட்டு அனுப்பினாய். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கருவாடு கண்ணிலும் காட்டக்கூடாது. சுகமான ஆளுக்கே நாளைக்கு 5 கிராம் உப்புத்தான், ஒரு சின்னத் தேக்கரண்டி, அம்மாவுக்கு அதிலும் குறைவு என்று கரண்டியைப் படம் எடுத்து அனுப்பினாய். சோடியம் குறைந்த உப்பு என்று மாமி ஒரு பைக்கற் கொண்டுவந்து தந்தபோது, அதில் பொட்டாசியம் போட்டிருப்பார்கள், சிறுநீரகம் பழுதான ஆளுக்கு அது நஞ்சு போல என்று நீ கத்தினாய். நீ சொல்லியிராவிட்டால் நல்லது என்று நினைத்து நான் அதைப் போட்டிருப்பேன். அம்மா அந்த ஏழு மாதம் இருந்ததில் உன் பங்கு பெரிது. இதை நான் ஒரு நாளும் உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் நீ கிராம் கணக்குப் பார்த்தாய், தங்கச்சி. அந்த வாயைப் பார்த்துக்கொண்டு ஏழு மாதம் இருந்தது நான்.

திருவெம்பாவை முடிந்த மறுநாள். மழை அடித்துக்கொண்டிருந்தது, கரண்ட் இல்லை. முதல்நாள்தான் இரத்தம் சுத்தி செய்துவிட்டு வந்திருந்தோம். அம்மா மத்தியானத்தில் இருந்து சுருண்டு கிடந்தார். மெழுகுதிரியோடு அறைக்குள் போனேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"மனே, கூனி கிடக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காத்தான்குடியில் வாங்கி வந்த அந்தக் காய்ந்த பொடி இறாலை அலுமாரியின் மேல்தட்டில் மூன்று பைக்குள் சுற்றி வைத்திருந்தேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டதே அந்த ஏழு மாதத்தில் முதல் தரம். நான் பதில் சொல்லாமல் நின்றேன். "ஒரு வாய்க்குக் காணும்" என்றார்.

குசினிக்குப் போய் நின்று யோசித்தேன். அதிகம் யோசித்தேன் என்று உனக்குச் சொல்ல ஆசை. உண்மையில் கை அதன் பாட்டில் தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்தது. ஒரு பிடி கூனி. தூசு புடைத்து, மூன்று தண்ணீர் கழுவினேன், உப்புக் குறையட்டும் என்று. பிழிந்து தாச்சியில் போட்டு வறுத்தேன். முதலில் ஈரம் சீறியது. பிறகு கூனி ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கி, அந்த வாசம் வீடு முழுக்கப் போனது. 2022-இல் கேஸ் இல்லாமல் பின்வளவில் கல் வைத்து விறகில் சமைத்தோமே, அப்போது அம்மா வறுத்த கூனியின் அதே வாசம். செத்தல் மிளகாய் ஒன்றை வாட்டி அம்மியில் வைத்தேன். சின்ன வெங்காயம் இரண்டு. தேங்காய்ப்பூவும் ஒரு பிடிதான். கூனியைப் போட்டு ஒரு இழுப்பு, அதிகம் அரைக்கவில்லை. தேசிக்காய் பிழிந்தேன். உப்புப் போடவில்லை. கடவுளாணை அதுவரை போடவில்லை.

கோப்பையோடு போனேன். அம்மா எழும்பிச் சுவரில் சாய்ந்து இருந்தார். இடது கையை நீட்டினார். ஊசி குத்திக் குத்திக் கறுத்து, நரம்பு கயிறு போலப் புடைத்திருந்த கை. உள்ளங்கையைக் குழித்துப் பிடித்தார். அடுப்படியில் நின்று ஆணம் உப்புப் பார்க்கும்போது எப்படிப் பிடிப்பாரோ, அப்படியே. நான் ஒரு நுள்ளு வைத்தேன். நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உப்புக் காணாது, மனே."

நோயாளியின் குரல் இல்லை அது. நாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது குசினியில் கேட்ட குரல். நான் திரும்பிப் போய் மூன்று விரலால் எவ்வளவு வருமோ அவ்வளவு உப்பு எடுத்துப் போட்டுப் பிசைந்து கொண்டுவந்தேன். திரும்பவும் கையை நீட்டிப் பார்த்தார். சரி என்றார். இரண்டு பிடி சோறோடு சாப்பிட்டார். விரல் விரலாகச் சூப்பினார். 78 சூறாவளிக்குப் பிறகு விழுந்த தென்னைகளில் குருத்து வெட்டித் தின்ற கதையைத் தானாகத் தொடங்கிப் பாதியில் விட்டார். பிறகு, "சின்னவளுக்குச் சொல்லாத. அவள் அங்க தனியக் கிடந்து அழுவாள்" என்றார்.

பார், அப்போதும் உன்னைத்தான் நினைத்தார். வறுத்துக் கொடுத்தவள் பக்கத்தில் நிற்கிறேன். நான் அழமாட்டேனா?

இரவு ஏழரைக்கு, உனக்கு அங்கே பகல் மூன்று மணி, நீ வாட்ஸ்அப்பில் கேட்டாய். சோறு, அவித்த பீர்க்கங்காய், உப்பில்லை என்று எழுதினேன். நீ ஒரு இதயம் போட்டாய். மாதக் கடைசியில் இங்கேயும் அதையே எழுதினேன்.

அன்றிரவு அம்மாவுக்குத் தாகம். உப்பு தாகத்தைக் கொண்டுவரும், குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் உடம்பில் நிற்கும். நீ எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். இரண்டு கிளாஸ் கேட்டுக் குடித்தார். கொடுத்தேன். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் நிறை பார்த்தபோது வழமையை விட ஒன்றரைக் கிலோ கூட. என்ன சாப்பிட்டா என்று நர்ஸ் மிஸ் கேட்டார். வழமையான சாப்பாடுதான் என்றேன். அதுவும் பொய். மருந்து பார்க்கிற ஆளிடமே சொன்ன பொய். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு இடிக்கிறது.

ஒன்பதாம் நாள் விடியப்புறம் அம்மா போய்விட்டார். இதயம் நின்றுவிட்டது, இந்த வருத்தக்காரருக்கு அப்படி நடக்கிறதுதான் என்றார்கள். அந்தக் கூனியாலா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு ஆள் இருந்தால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். கிளினிக்கில் சொல்வதைக் கேளுங்கள், ஆள் ஆசைப்பட்டால் மறைக்காமல் டொக்டரிடம் கேளுங்கள். போன மார்கழியில் நான் எழுதிய கணக்கில் அந்த ஒரு இரவு பிழை. மற்ற நாட்கள் எழுதியபடிதான்.

இனி உனக்கு. நீ மூன்றாம் நாள் வந்தாய். தேயிலைப் பெட்டி தேடி அலுமாரியைத் திறந்து அந்தப் பைக்கற்றைக் கையில் எடுத்தாய். பெரிய மாமி, பக்கத்து வீட்டுச் சனம் எல்லாரும் குசினிக்குள் நிற்க, "இது யாருக்கு?" என்று கேட்டாய். அந்தக் கேள்வியை நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இப்படித்தான் ஒரு வருடமாக என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது சரியா என்று தெரியவில்லை. கேட்டவள் அழுத கண்ணோடு, பயணக் களைப்போடு நின்றாய். தாயின் முகத்தை உயிரோடு பார்க்காமல் வந்து நின்றாய். நான் "எனக்கு" என்றேன். நீ அதைத் திரும்ப மேல்தட்டில் வைத்தாய். எனக்கு அம்மாவின் கடைசி ஆசை கிடைத்தது. உனக்கு அட்டவணை மட்டும் மிஞ்சியது. அதற்காக என்னை மன்னித்துக்கொள். கூனி கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் இந்த இடத்தில் எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். வரவில்லை. உன்னிடம் மறைத்ததற்கு முழு மனதோடு கேட்கிறேன்.

ஆனால் அந்த முகநூல் பதிவை எடுத்துவிடு. ஏழு மாதம் உப்பில்லாமல் இருந்ததற்காக அம்மாவை யாரும் கும்பிட வேண்டாம். அவர் உப்புக் காணாது என்று சொன்ன ஆள்.

திவசத்துக்கு மறுநாள் மீதிக் கூனியை வறுத்தேன். வருடம் ஒன்று ஆகியும் பழுதாகவில்லை, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. பிசைந்து முடித்து என் உள்ளங்கையில் ஒரு நுள்ளு வைத்துப் பார்த்தேன். உப்புச் சரியா காணாதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நாலு தரம் பார்த்தேன். கடைசியில் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவன் உப்புக் கூடிவிட்டது என்றான்.

ஆடி லீவுக்கு வருவதாகச் சொன்னாய். ஒரு பிடி கூனி எடுத்து வைத்திருக்கிறேன், அதே மேல்தட்டில். வந்து நீ உப்புப் பார். என்ன கேட்க வேண்டுமோ அதையும் கேள். சனம் போன பிறகு கேள்.

அக்கா