அந்த அறைச் சாவியைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய சுகாதாரப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழைய பேப்பர் சேர்த்து விற்கும் எங்கள் ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். தொடக்க நாளன்று வந்து எங்களோடு நின்று படமெல்லாம் எடுத்துக்கொண்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம். தெருமுனையில் பூட்டியே கிடக்கும் உங்கள் அறையின் சாவி எங்களுக்கு வேண்டும்.

போன வாரத்து மழையில், மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருந்த கட்டுகள் அத்தனையும் நனைந்துபோயின. மேலே தார்ப்பாய் போட்டிருந்தோம். தண்ணீர் தரையோடு வந்தது. கடைக்காரர் தராசில் ஏற்றும் முன்பே கட்டின் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். "இது மில்லுக்குப் போகாதுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். நியூஸ் பேப்பர் தனி, நோட்டு தனி, அட்டைப்பெட்டி தனி என்று பிரித்து, நோட்டின் பின்னையும் கம்பியையும் உருவி, எண்ணெய் ஊறிய பரோட்டாப் பேப்பரையும் உள்ளே பிளாஸ்டிக் பூசிய டீ கப்பையும் பொறுக்கி ஒதுக்கியவர்கள் தெருவைப் பெருக்கும் அக்காக்கள். விற்ற காசும் அவர்களுக்குத்தான். மறுநாள் உங்கள் வண்டி வந்தது. சோற்றுக் குப்பையோடு சேர்த்து அந்தக் கட்டுகளைத் தூக்கிப் போட்டதும் அதே அக்காக்கள்தான்.

கேட்டால் 'மேலே எழுதியிருக்கிறோம்' என்கிறீர்கள். மறுசுழற்சிப் பொருள்களைப் பிரித்து வைக்க இடம் தருவது உள்ளாட்சியின் வேலை என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லப்பட்டது. தெருத் தெருவாக ஒலிபெருக்கி வைத்துப் 'பிரித்துப் போடுங்கள்' என்பதும் நீங்கள்தான். சரி, பிரித்துவிட்டோம். அப்புறம் எங்கே வைப்பது?

வேலூரைப் பற்றி ஒரு பேச்சு உண்டே, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. அந்தச் சாமியே 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். உங்கள் சாவிதான் வந்தபாடில்லை. பாலாற்றங்கரையில் குப்பையைக் கொட்டிக் கொளுத்துகிறவர்கள் மட்டும் யாரிடமும் எழுதிக் கேட்பதில்லை.

மன்னியுங்கள், பேச்சு எங்கேயோ போய்விட்டது. நாங்கள் புதுக் கட்டடம் கேட்கவில்லை. கரண்டு கூட வேண்டாம். ஒழுகாத கூரை போதும். கட்டுகளை உயர்த்தி வைக்கப் பலகை நாங்களே போட்டுக்கொள்கிறோம். மாதாமாதம் எடைக் கணக்கை எழுதித் தருகிறோம். ஐப்பசியே இன்னும் முடியவில்லை, கார்த்திகை மழை பாக்கி இருக்கிறது. அதற்குள் சாவியைத் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் வர வேண்டியதில்லை, ஆபீசுக்கே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுத் தெருவாசிகள்,
வேலூர்