சித்தாள் பெண்கள் கையில் கரணையைக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டட வேலைக்கு நம் ஊரில் ஆள் கிடைப்பதில்லை, எல்லாம் வடமாநிலத்தவர் கைக்குப் போய்விட்டது என்ற பேச்சு பத்திரிகைகளிலும் டீக்கடைகளிலும் ஓயாமல் நடக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக் கட்டடம், தொகுப்பு வீடு, சிறுபாலம் என்று என் வேலைக்காலம் முழுக்கக் கொத்தனார்களோடும் சித்தாள்களோடும்தான் கழிந்தது. ஆள் இல்லை என்று சொல்லும்போது பக்கத்திலேயே நிற்கும் ஒரு பெருங்கூட்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சித்தாள் வேலை பார்க்கும் பெண்களைத்தான் சொல்கிறேன்.

செங்கம், தண்டராம்பட்டு பக்கமும், அந்தாண்டை அரூர், கல்வராயன் மலையடிவாரத்திலும் கடலை அறுவடை முடிந்து காட்டில் வேலை இல்லை என்றால் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பாட்டியிடம் இருக்கும். கைக்குழந்தை கூடவே போகும். இருவரும் ஒரே மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்வார்கள். ஓரிரு வருடம் இருவருக்கும் ஒரே வேலைதான். செங்கல் சுமப்பார்கள், மணல் சலிப்பார்கள், கலவை போடுவார்கள். அப்புறம் புருஷன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொத்தனாரின் கரணையை எடுத்துப் பின்பக்கச் சுவரில் கொஞ்சம் பூசிப் பார்ப்பார். கொத்தனார் நாலு வார்த்தை திட்டுவார், பிறகு அவரே திருத்தியும் காட்டுவார். வரிசை நேராக வர நூல் கட்டவும், சுவர் செங்குத்தாக நிற்கத் தூக்குகுண்டு விடவும், மட்டம் சரியா என்று ரசமட்டம் பார்க்கவும் இப்படித்தான் கைவரும். நாலைந்து வருடத்தில் அவர் அரைக் கொத்தனார், பிறகு முழுக் கொத்தனார், ஆள் சேர்க்கும் சாமர்த்தியம் இருந்தால் மேஸ்திரி. அந்த அம்மாவோ முதல் நாள் தலையில் வைத்த சும்மாட்டை ஐம்பது வயதானாலும் இறக்க முடிவதில்லை. எங்கள் பக்கம் சித்தாள் கூலி, கொத்தனார் கூலியில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெண்களுக்கு வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூச்சுக்குச் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்தா, கட்டுக்கு ஒன்றுக்கு ஆறா என்று கொத்தனார் வாயைத் திறப்பதற்குள் கலவையைச் சேர்த்துவிடுகிறவர்கள் அவர்கள். தண்ணீர் கூடிப்போனால் கலவை நிற்காது, செங்கல்லை ஊறப்போடாமல் கட்டினால் கலவையின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், புதுச்சுவர் காய்ந்துவிடாமல் நாள் தவறாது தண்ணீர் விட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சாரத்தில் ஏறிப் பெண்கள் வேலை செய்ய முடியாது என்பார்கள். தலையில் கலவைச் சட்டியோடு அதே சாரத்தில் இரண்டாம் மாடி வரை ஏறி இறங்குவது அவர்கள்தானே? மேலே ஏறி நிற்கும் பெண்ணிடம் சட்டியை வாங்கிக்கொள்கிறோம், கரணையை மட்டும் கொடுப்பதில்லை. உடல் வலுவைக் காரணம் சொல்வதும் பொருந்தாது. நாள் முழுக்கச் சுமை தூக்குவதைவிடப் பூச்சு வேலைக்கு அதிக வலு தேவையில்லை, அதற்கு வேண்டியது கை நிதானம்.

இதில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. சித்தாள் வேலையே குறைந்துகொண்டு வருகிறது. முன்பெல்லாம் ரூஃப் போடும் நாளில் முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள். இப்போது நகரத்தில் ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கிறது, பம்ப் வைத்து மாடிக்கு ஏற்றுகிறார்கள். சின்ன ஊர்களில்கூட மிக்சரும் லிஃப்டும் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதுகெலும்பை முறிக்கும் சுமை குறைவது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மெஷின் வந்து எடுத்துக்கொண்டது பெண்களின் வேலையை. கரணை பிடிக்கும் வேலை அப்படியே இருக்கிறது, அதற்குத்தான் ஆள் தட்டுப்பாடும். அந்த இடத்துக்கு இவர்களை ஏற்றிவிடவில்லை என்றால் இத்தனை வருட அனுபவத்தோடு அவர்கள் வெறுங்கையாக ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. வேலையே பிரிந்து கிடக்கும்போது அந்தச் சட்டத்தால் இவர்களுக்குப் பயன் குறைவு. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் வருடச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று வகுத்தது. ஐந்தாறு பெண்கள் வேலை செய்யும் சாதாரண வீட்டு வேலையில் அந்த விதி எட்டிப் பார்க்காது. மணல் குவியலுக்குப் பக்கத்தில் சேலைத் தூளியில் குழந்தை தூங்கும், தாய் வேலையும் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு கண்ணும் வைத்திருப்பார்.

பயிற்சித் திட்டங்களும் இல்லாமல் இல்லை. ஐடிஐ-யில் கொத்தனார் தொழிற்பிரிவு உண்டு, எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் சேரலாம். நம் சித்தாள் பெண்களில் நிறைய பேர் அந்த எட்டாம் வகுப்பைத் தொடாதவர்கள். காஞ்சிபுரத்தில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனமே நல்ல பயிற்சி நிலையம் நடத்துகிறது. வீட்டையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அங்கே போய்த் தங்கிப் படிக்க எந்தத் தாயால் முடியும்? அப்புறம், அனுபவத்தால் கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் மத்திய அரசுத் திட்டத்தில் இருக்கிறது. ஏற்கெனவே கொத்தனாராக இருப்பவருக்கு அது உதவும். கரணையே தொடவிடாத பெண்ணிடம் எதைச் சோதிப்பது? சான்றிதழைக் கையில் வைத்திருந்தாலும் மேஸ்திரி அதைக் கேட்பதுமில்லை, அதற்காகக் கூலியைக் கூட்டுவதுமில்லை.

முடியாத காரியம் என்று நினைப்பவர்கள் ஜார்க்கண்டைப் பார்க்கலாம். தூய்மை இந்தியா இயக்கத்தில் கிராமம் கிராமமாகக் கழிப்பறை கட்டக் கொத்தனார் போதாமல் போனபோது, அங்கே சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இறக்கினார்கள். ராணி மிஸ்திரி என்று அவர்களுக்குப் பெயர். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் இயக்கத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து அரசு வீடுகளைக் கட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு இடத்திலும் பெண்களைத் தூரத்துப் பயிற்சிக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு நிற்கவில்லை. கட்டுவதற்கு வேலையைக் கையில் கொடுத்தார்கள். அரசே வேலை கொடுத்ததால் மேஸ்திரியின் தயவு தேவைப்படவில்லை.

நம்மிடமும் அப்படிப்பட்ட வேலை இருக்கிறது. 2024-25இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், வருடத்துக்கு ஒரு லட்சம் வீடு என்ற கணக்கில் ஆரம்பித்து, 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவதாக அறிவித்தார்கள். ஒவ்வொன்றும் 360 சதுர அடி. சின்ன வீடுதான், ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அஸ்திவாரம், செங்கல் கட்டு, லிண்டல், கான்கிரீட் கூரை, உள்பூச்சு, வெளிப்பூச்சு, தரை என்று தொழிலின் எல்லாப் படியும் அதில் வந்துவிடுகிறது. உயரமும் குறைவு. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் 45 நாள் கொத்தனார் பயிற்சியை, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலேயே வைத்து நடத்த ஏற்கெனவே வழி இருக்கிறது. அதே முறையில் ஒரு வீட்டுக்கு நான்கு சித்தாள் பெண்கள், சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த கொத்தனார் என்று வைத்துக்கொண்டால் போதும். சொந்த ஊரிலேயே நடப்பதால் பிள்ளைகளைப் பகலில் அங்கன்வாடியில் விடலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கூலிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். கற்றுக்கொள்ளும் நாளில் சித்தாள் கூலி கிடைக்கவில்லை என்றால் ஒருவரும் வர மாட்டார்கள், வரச் சொல்வதும் நியாயமில்லை. அதற்குப் பணம் இருக்கிறது. கட்டடங்களுக்கு ஆகும் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலவரியாக வசூலாகிறது. பல மாநிலங்களில் இந்தப் பணம் தொழிலாளர்களுக்குப் போய்ச் சேராமல் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2018 மார்ச்சில் கண்டித்தது. கலவை சுமந்தவர்கள் பெயரால் சேர்ந்த பணம் அது. கற்றுக்கொள்ளும் 45 நாளும் ஒரு பெண்ணின் கூலி குறையாமல் பார்த்துக்கொள்வதைவிட அதற்கு வேறென்ன நல்ல செலவு இருக்க முடியும்?

பயிற்சியோடு விட்டுவிட்டால் பழையபடி ஆகிவிடும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் கொத்தனாருக்கு முதல் வகை, இரண்டாம் வகை என்று தனித்தனி நாள்கூலி உண்டு. பயிற்சி முடித்த பெண் முதலில் இரண்டாம் வகையாகவாவது வேலைக்கு வரட்டும். அரசு டெண்டர்களில், வேலையில் இருக்கும் கொத்தனார்களில் இத்தனை பேர் பயிற்சி பெற்ற பெண்களாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். பில் பாஸ் ஆகும் முன் வேலைக்கு வந்தவர்கள் பட்டியலைப் பார்க்கிற அதிகாரம் பொறியாளருக்கு இருக்கிறது. இதைச் சொல்லவேண்டியவர் சொன்னால் காண்ட்ராக்டர் நிச்சயம் கேட்பார், அதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஜோடியாக இங்கே வந்து வேலை செய்யும் பெண்களுக்கும் இதே பயிற்சியை அவர்கள் மொழியில் சொல்லித்தர ஆள் வைத்துத் தர வேண்டும். அவர்களும் நலவரி கட்டும் கட்டடங்களில்தான் சுமக்கிறார்கள்.

வீட்டு உரிமையாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டில் வேலை நடக்கும்போது சித்தாள் அம்மா ஒரு சுவரைப் பூசட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லிப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழேயோ குளியலறைச் சுவரோ, டைல்ஸ் வந்து மறைக்கப்போகும் இடமாக இருந்தால்கூடப் போதும்.

உங்கள் மாவட்ட நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது ஊராட்சிகளில் கட்டிக்கொண்டிருக்கும் அரசு வீடுகளில் கரணை பிடிக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று ஒன்றிய அலுவலகங்களில் கேட்டு, மாவட்ட வாரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒன்றிய ஓவர்சீயர்,
செங்கம்.