பெயர் சொல்லாமல் போன அந்த ரசிகருக்கு நன்றி

ஸ்காட்லாந்தின் முதன்மைக் கால்பந்துத் தொடரான ஸ்காட்டிஷ் பிரீமியர்ஷிப்பின் புள்ளிப்பட்டியலைப் புதியவர்களான எங்களுக்குப் பொறுமையாக விளக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனீர்களே ஐயா, மனமார்ந்த நன்றி.

மொத்தம் 12 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 11 அணிகளோடு மூன்று முறை மோதினால் 33 ஆட்டம். அதன்பின் பட்டியல் மேல் ஆறு, கீழ் ஆறு என்று பிரியும். தன் பாதிக்குள் மட்டும் இன்னும் ஐந்து, ஆக 38. பிரிந்தபின் பாதி தாண்ட முடியாது. அதனால்தான் சில ஆண்டுகளில் ஏழாம் அணி ஆறாம் அணியைவிட அதிகப் புள்ளி எடுத்தும் ஏழாவதாகவே முடிக்கிறது. பட்டியல் தவறு என்று பலர் குழம்புவது இங்கேதான்.

யார் எந்தப் பாதி என்று முன்பே தெரியாததால், சில அணிகளுக்குச் சொந்த மைதான ஆட்டங்கள் 19-க்குப் பதில் 18 அல்லது 20 என்று அமைந்துவிடும். கடைசி ஐந்து ஆட்டங்களின் தேதியும் பிரிவுக்கு முன் வராது. அதுவரை ரயில், விடுதி எதற்கும் பணம் கட்டாதீர்கள் என்றீர்களே, அது பொன்னான யோசனை.

இன்னொன்று: டண்டீ நகரில் டென்ஸ் பார்க், டானடைஸ் என்ற இரண்டு மைதானங்களும் ஒரே தெருவில் இருக்கின்றன. டிக்கெட்டில் மைதானத்தின் பெயரைப் பார்த்துவிட்டே வரிசையில் நிற்க வேண்டும்.