எந்தச் சொல்லையும் எங்கேயும் எழுதலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில், உணவைக் குறிக்கும் ஆங்கில ஒத்த சொற்கள் என்று ஓர் அட்டவணை வந்திருந்தது. ஃபுட், மீல், கிரப், சௌ, டக்கர், நொஷ் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: 'இவற்றுள் எதனையும் எதற்குப் பதிலாகவும் பயன்படுத்தலாம்.' தாங்கள் ஆங்கிலம் நன்கு கற்றவர். இந்த வரி தங்கள் பார்வைக்கு வந்திருந்தால் அச்சேறியிருக்காது என்றே நம்ப விரும்புகிறேன். ஆனால் நம்புவது கடினமாக இருக்கிறது. இதே அட்டவணை, இதே வரியோடு, சென்ற ஆண்டும் வந்தது. அப்போதே விவரமாக எழுதி அனுப்பினேன். பதில் கடிதமும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. அட்டவணை மட்டும் மறுபடி வந்திருக்கிறது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் ஆங்கிலம் படிக்க ஒரு பையன் வருகிறான். தகப்பனார் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலை செய்கிறவர். அந்த வீட்டில் ஞாயிறு பத்திரிகை வாங்குவதே இந்தப் பக்கத்துக்காகத்தான். பையன் அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டி, ஒவ்வொரு சொல்லின் கீழும் சிவப்புப் பேனையால் கோடிட்டு, உச்சரிப்பைத் தமிழில் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறான். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பயிலுநர் இடத்துக்கு விண்ணப்பித்தான். விருந்தினருக்குச் சுவையான 'கிரப்' பரிமாற ஆவலாக இருப்பதாக எழுதினான். நேர்முகத்தில் ஒருவர் அந்த வசனத்தை உரக்க வாசிக்க, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. "டீச்சர், பத்திரிகையில்தானே போட்டிருந்தது?" என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

கிரப் என்பது கெட்ட சொல்லும் அன்று, புதிய சொல்லும் அன்று. மண்ணைக் கிளறுவது, தோண்டுவது என்பதே அதன் பழைய பொருள். மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் கிடக்கும் வண்டுப் புழுவுக்கும் அதே பெயர். உணவு என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே வழங்கி வருகிறது. ஆனாலும் இன்றுவரை அது நண்பர்களுக்கிடையே, மதுக்கடைப் பலகையில், விடுதி அறையில் புழங்கும் சொல்தான். அகராதியைத் திறந்தால் பக்கத்திலேயே 'பேச்சுவழக்கு' என்ற குறிப்பு இருக்கிறது. அந்த ஒற்றைக் குறிப்பைப் போடத் தங்கள் பக்கத்தில் இடமில்லாமல் போனது எப்படி?

மற்றச் சொற்களும் அப்படித்தான். டக்கர் அவுஸ்திரேலியர் வாயில் புழங்குவது. நம் பிள்ளைகள் இடைவேளையில் ரோல்ஸ் வாங்கத் தள்ளுமுள்ளுப்படும் 'டக் ஷொப்' அதற்கு உறவு. அதைச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் மறந்திருக்காது. அந்த நாட்டின் ஆதிக்குடிகள் மரவேரைக் கிளறி எடுத்து உண்ணும் வெள்ளைப் புழுவுக்கு 'விச்சட்டி கிரப்' என்று பெயர். அங்கே புழுவும் உணவும் ஒன்றாகிவிடுகின்றன. நொஷ், யூதர்களின் யித்திஷ் மொழியிலிருந்து வந்தது. கொறிப்பது என்ற பொருளுடையது. சௌ, அமெரிக்கப் படைவீரர் உணவு வரிசையில் நின்று சொல்வது. பாடசாலை ரக்பி ஆட்டத்தில் பந்து புல்லோடு உருண்டு ஓடும்படி உதைப்பதை 'கிரப்பர்' என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். இத்தனையும் கையருகே இருக்க, மாணவனுக்குக் கொடுத்தது ஒரு தவறான வரி.

தமிழில் யாராவது இப்படிச் செய்வார்களா? உணவு, ஊண், உண்டி, சோறு, சாப்பாடு, தீன் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிக் கல்யாண வீட்டில் "தீன் தயார், வாருங்கள்" என்று சம்பந்தி வீட்டாரை அழைக்க முடியுமா? கோழிக்கு வைப்பதல்லவா தீன்?

எனக்கு ஆறாத இன்னொன்றும் உண்டு. ஓரிரு ஆண்டுகளுக்கு முன் இதே பக்கம், 'ஷோர்ட் ஈட்ஸ்' என்பது பிழையான ஆங்கிலம், வெள்ளைக்காரர் கேட்டால் நகைப்பார்கள், இனி யாரும் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டது. காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை பேக்கரிகளில் தட்டில் வந்து நிற்கும் பட்டிஸ், கட்லட், மீன் பணிஸ் எல்லாவற்றையும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இலங்கை ஆங்கிலம் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஆங்கிலம். இலண்டனில் வழங்காததாலேயே அது பிழையாகிவிடாது. நம் வீட்டுச் சொல்லைச் சொல்லாதே என்று அடக்கினீர்கள். அந்நியர் தம் நண்பர்களோடு மட்டும் பேசும் சொல்லை விண்ணப்பத்திலும் எழுதலாம் என்று அவிழ்த்துவிட்டீர்கள். கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிப்பு இல்லை.

அந்தப் பக்கம் முன்பு முழுப் பக்கமாக வந்தது. இன்று பாதிக்கு மேல் தனியார் வகுப்பு விளம்பரங்கள். 'ஒரே மாதத்தில் சரளமான ஆங்கிலம்' என்று வாக்குறுதி தருகிறவருக்கு வண்ணப் படம். கட்டுரைக்குக் கீழ் மூலையில் நான்கு விரற்கடை. குறுக்கெழுத்துப் போட்டியின் விடைகள் மாறி வந்ததைச் சுட்டிக்காட்டி எழுதினேன். அதற்கும் மௌனமே பதில். பதில் எழுத நேரமில்லை என்று ஓர் அஞ்சலட்டை வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

இலண்டனில் 'கிரப் ஸ்ட்ரீட்' என்று ஒரு தெரு இருந்தது தாங்கள் அறியாததன்று. கூலிக்கு எதையாவது எழுதித் தள்ளும் எழுத்தாளர்கள் நிறைந்த தெரு. 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜோன்சன் அதைப் பதிவு செய்தார். அங்கு வாழ்ந்தவர்களுள் அகராதி எழுதுவோரையும் சேர்த்தே எழுதினார். 1830இல் அவ்வூரார் தெருவின் பெயரையே மாற்றி மில்டன் ஸ்ட்ரீட் என்று வைத்தார்கள். தமிழ்ப் பத்திரிகைக்கு அப்படியொரு பெயர் வந்துவிடக்கூடாது என்ற கவலையில்தான் இதை நினைவூட்டுகிறேன்.

நான் கேட்பது பெரிதன்று. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே தடித்த எழுத்தில் இரண்டு வரி போதும்: 'கிரப், சௌ, டக்கர், நொஷ் ஆகியவை பேச்சுவழக்குச் சொற்கள். பரீட்சைத் தாளிலும் விண்ணப்பத்திலும் எழுத வேண்டாம்.' விளம்பரத்துக்கு இடைஞ்சலாக இருக்குமென்றால் அட்டவணைகளை ஒரு வாரம் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் போடுங்கள். இனி வரும் அட்டவணைகளில் அகராதியில் உள்ள குறிப்பையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.