பருவ அறிக்கையும் தேவ்பன் பனிநடைப் பயணமும்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் முடிந்து விடைத்தாள்கள் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. பாரதியார் பிறந்தநாள் விழா சிறப்பாக நடந்தது. கோ-கோ விளையாட்டிலும் குறள் ஒப்பித்தலிலும் பரிசுகள் வந்துள்ளன, வாழ்த்துகள். காற்று மாசால் நவம்பரில் விட்டுப்போன பாடங்களை ஏறத்தாழ முடித்துவிட்டோம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பிப்ரவரிப் பொதுத்தேர்வுக்குத் தயாராகி வருகிறார்கள். அவர்களை இப்போது தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளின் பனிநடைப் பயணத்துக்கு வருகிறேன். குளிர்கால விடுமுறையில் இரவு ரயிலில் உத்தராகண்டின் டேராடூன், அங்கிருந்து வேனில் சக்ராத்தா என்ற மலையூர். சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள அந்த ஊரில் ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, மறுநாள் தேவதாரு காட்டு வழியே தேவ்பனில் உள்ள வனத்துறை ஓய்வில்லத்துக்கு நடை. அது ஏறத்தாழ 9,000 அடி. ஜனவரியில் பாதை பனியால் மூடிவிட்டால் வண்டி போகாது. பூட்ஸின் அடியில் ஸ்னோஷூவைக் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். அகலமான அந்தச் சட்டம் உடல் எடையைப் பரப்பிவிடுவதால் முழங்கால்வரை புதையாமல் நடக்கலாம். ஆனால் சாதாரண நடையைவிட அதிகக் களைப்பு தரும். போகிக்கு முன் அனைவரும் வீடு திரும்பிவிடுவார்கள். பொங்கல் பற்றிக் கவலை வேண்டாம்.

வனத்துறை அனுமதி, வழிகாட்டிகள், வாடகை உபகரணங்கள் எல்லாம் ஏற்பாடாகிவிட்டன. இன்னும் முடியாமல் நிற்பது உடல்நலப் படிவம். வந்து சேர்ந்த படிவங்களில் பெரும்பாலானவற்றில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. இத்தனை ஆரோக்கியமான பிள்ளைகள் தில்லியில் வளர்கிறார்கள் என்றால் என்னைவிட மகிழ்பவர் இருக்க முடியாது. ஆனால் சஞ்சய் வனத்தில் நடந்த பயிற்சி நடையின்போது, 'ஆஸ்துமா: இல்லை' என்று எழுதப்பட்ட மாணவர் ஒருவர் மேட்டில் ஏறி நின்றதும் சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். பழகிய கையாக இரண்டு முறை அழுத்திக்கொண்டார். அருகிலிருந்த நண்பர்கள் யாருக்கும் வியப்பில்லை. ஆசிரியர்களுக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி.

பிள்ளையை அழைத்துப்போகாமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் இதற்குக் காரணம் என்பது எனக்குப் புரிகிறது. 'தில்லிக் காற்றில் யாருக்குத்தான் இருமல் இல்லை' என்று ஒரு தாயார் தொலைபேசியில் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் தெளிவாகச் சொல்கிறேன்: ஆஸ்துமா இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தப் பிள்ளையையும் நிறுத்த மாட்டோம். மருந்தால் கட்டுக்குள் இருந்து, மருத்துவர் சம்மதித்தால் தாராளமாக வரலாம். ஆனால் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குளிர்ந்த, வறண்ட காற்றை வேகமாக இழுத்து ஏறும்போது மூச்சுக்குழாய் சுருங்கும். கடுங்குளிரில் இன்ஹேலரின் அழுத்தமும் குறைந்துவிடுவதால் அதைப் பையின் அடியில் போடாமல் உடம்பை ஒட்டிய உட்பையில் வைத்திருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று ஆசிரியரிடம் இருக்க வேண்டும். படிவத்தில் 'இல்லை' என்றிருந்தால் இந்த ஏற்பாடு எதையும் செய்ய முடியாது.

ஒற்றைத் தலைவலியும் இப்படித்தான். உயரத்தால் வரும் உபாதை பெரும்பாலும் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்றே தொடங்கும். அது கூடிக்கொண்டே போனால் உடனே கீழே இறக்குவதுதான் முதல் மருத்துவம். மாதம் இருமுறை தலைவலி வரும் பெண்ணா, முதன்முறையாக வலிக்கும் பெண்ணா என்று தெரியாத ஆசிரியர் இரவு பத்து மணிக்கு எதை வைத்து முடிவெடுப்பார்? ஒரு பிள்ளையை இறக்க ஓர் ஆசிரியரும் ஒரு வழிகாட்டியும் போனால், மேலே இருப்பவர்களுக்குத் துணை போதாது. ஆகவே எல்லோருமே இறங்க வேண்டிவரும். ரத்தசோகை, வலிப்பு, மருந்து ஒவ்வாமை எல்லாமே எழுத வேண்டியவை. தூக்கத்தில் எழுந்து நடக்கும் பழக்கத்தைக்கூட எழுதுங்கள். வீட்டில் அது சிரிப்புக்குரிய விஷயமாக இருக்கலாம். கதவுக்கு வெளியே மூன்றடி பனி கிடக்கும் இடத்தில் அப்படி அல்ல.

மேலே கைபேசித் தொடர்பை நம்ப முடியாது. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது நம் நாட்டில் சட்டவிரோதம் என்பதால், 'ஒன்று வாங்கித் தருகிறேன்' என்ற அன்பரின் உதவியை ஏற்க இயலவில்லை. வண்டி நிற்கும் இடம்வரை கால்நடையாக இறங்கி, பிறகு பல மணி நேரம் மலைப்பாதையில் போனால்தான் டேராடூனின் பெரிய மருத்துவமனைகள்.

ஆகவே விதியைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் கையொப்பமும் முத்திரையும் உள்ள புதிய படிவம் டிசம்பர் 22 மாலைக்குள் அலுவலகத்துக்கு வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ரயில் டிக்கெட் கிடையாது. கட்டிய பணத்தில் ரத்துக்கட்டணம் போக மீதி திரும்பும். எழுதாமல் மறைத்த நோய் பயணத்தில் தெரியவந்தால், பெற்றோர் சக்ராத்தாவுக்கு நேரில் வந்து பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும். சிபாரிசுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். நிர்வாகக் குழு உறுப்பினர் பேசினாலும் என் பதில் இதுதான்.

கூச்சத்தால் எழுதத் தயங்குபவர்கள் படிவத்தை உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கலாம். அதை நானும் பயணப் பொறுப்பாசிரியரும் மட்டுமே பிரிப்போம். நேரில் சொல்ல விரும்பினால் காலை வழிபாடு முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள். நம் பள்ளிப் பெற்றோர்களில் மருத்துவரான ஒருவர் வரும் சனிக்கிழமை காலை பள்ளியிலேயே இருந்து, பிள்ளைகளைக் கட்டணமின்றிப் பரிசோதித்துக் கையொப்பமிட முன்வந்திருக்கிறார். அவருக்கு என் மனமார்ந்த நன்றி. கம்பளி உள்ளாடைகளையும் ஜாக்கெட்டுகளையும் இல்லாத பிள்ளைகளுக்குத் தந்து உதவிய குடும்பங்களுக்கும், மறைக்காமல் முதல் நாளே விவரமாக எழுதிக்கொடுத்த சில பெற்றோருக்கும் நன்றி. அந்த விவரங்களைக் கொண்டுதான் மருந்துப்பெட்டியை அடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் மலையில் காயாது. புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் தாராளமாகக் கொடுத்தனுப்பலாம், சமையல்காரருக்கு வேலை மிச்சம். தயிர் சாதம் கட்டித்தர வேண்டாம்.